ரேடியோவுக்குப் போன கம்பனி

முதலில் என் மடத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கம்பனியின் முதலாளியாக இருந்தவன். சின்ன முதலாளிதான், ஆனாலும் முதலாளி. அந்தப் பதவியை ஒரு ரேடியோவுக்கு விற்றேன். அந்த ரேடியோ அடுத்த மழைக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை.

தொண்ணூறுகளில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் அரசாங்கத்தின் கையிலிருந்து கம்பனிகளுக்குப் போயின. அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பெயர்ப்பலகை மாறியது. நாங்கள் குடியிருந்த லயத்துக் கூரை பழையபடியே ஒழுகியது. ஒருநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், தொழிலாளிகளுக்கும் கம்பனியில் இலவசப் பங்கு உண்டு, ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள்.

எங்கள் சனத்துக்குக் கையெழுத்து என்றால் கப்பல். என் பெரியப்பா புரியாத ஒரு தாளில் கைநாட்டு வைத்தார். குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். இந்தத் தாளிலும் இங்கிலீசும் சிங்களமும்தான் இருந்தன.

ஆபீசில் கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர்.

"சும்மா ஏங்கையா தர்றாங்க?"

"அரசாங்கம் வெளிநாட்டுப் பாங்கிட்டக் கடன் கேட்டது. தோட்டத்தைக் குடுத்தால்தான் கடன் எண்டு அவங்கள் சொல்லிப்போட்டாங்கள். அதில உங்களுக்கும் ஒரு துண்டு. சைன் வையும்."

"கடன் வாங்குனது அரசாங்கம், கட்டளை போட்டது வெள்ளைக்காரன், கையெழுத்து மட்டும் நானா?"

"உமக்கு வாய் கூடிப்போச்சு. உம்மட மனிசி காலமையே போட்டிட்டா."

ஓட்டமாக லயத்துக்கு வந்தேன். கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள் என் மனைவி.

"கையெழுத்துப் போட்டியா? கப்பல்ல ஏத்திருவாங்கடி!"

"ஏத்துனா ஏத்தட்டும். நீங்க சோறாக்கிச் சாப்பிடுங்க."

தனியாகச் சோறாக்குவதுதான் யோசனையாகப் போயிற்று. மறுநாள் நானும் கையெழுத்துப் போட்டேன்.

சில மாதம் கழித்து, ஆளுக்கொரு பத்திரம் வந்தது. அதற்குப் பின்னாலேயே கொழும்பிலிருந்து ஒருவர் வேனில் வந்தார். கழுத்தில் டை. கடைவீதியில் நின்று பங்குப் பத்திரங்களைக் காசுக்கு வாங்கினார். எனக்குப் பொறி தட்டியது. சும்மா கிடைத்ததைச் சும்மாவே பிடுங்குவார்கள். அதற்குமுன் தள்ளிவிடுவதே புத்தி! அவர் நீட்டிய தாளில் எங்கே என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஆயுளில் சந்தேகப்படாமல் நான் கையெழுத்திட்ட ஒரே தாள் அதுதான்.

அந்தக் காசில் வாங்கிய ரேடியோவோடு வீட்டுக்கு வந்தேன். "அந்த ஆள் அடுத்த ஞாயிறும் வருவாரு. ஒம் பத்திரத்தையும் குடு" என்றேன்.

"தர மாட்டேன்."

"அதுல என்ன இருக்கு, வெறுந்தாளு."

"எம் பேரு இருக்கு. லயம் தோட்டத்துப் பேர்ல. ரேஷன் கார்டு ஒங்க பேர்ல. எம் பேருக்குன்னு வந்தது இது ஒண்ணுதான்."

சனிக்கிழமை அவள் மலையில் கொழுந்து எடுக்கும்போது வீட்டைப் புரட்டினேன். அரிசி டின், சாமி படத்தின் பின்பக்கம், கோழிக்கூடு. கோழி கொத்தியதுதான் மிச்சம். விற்றுவிட்டாளோ, அண்ணனிடம் கொடுத்துவிட்டாளோ என்று வருடக்கணக்கில் அவளைச் சந்தேகித்தேன். ஞாயிறு வேன் வந்து போனது.

ரெண்டாயிரம் பிறந்து சில வருடம் கழித்து, தபாலில் ஒரு கடிதம். அவள் பெயருக்கு. அப்படியானால் பத்திரத்தை அவள் விற்கவில்லை. இந்த முறை தமிழும் இருந்தது, எழுத்துக்கூட்டி வாசித்தேன். கொழும்பில் பெரிய ஓட்டலில் பங்குக்காரர்களின் கூட்டம். வரமுடியாதவர் தமக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பலாம். அதற்கு ஒரு தாள் உள்ளே.

கொழுந்து எடுக்கிறவளை எதற்கு ஓட்டலுக்குக் கூப்பிடுகிறார்கள்? உள்ளே ஏதோ இருக்கிறது. ஆனால் எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. எங்கோ ஒரு நாட்டில் சண்டை வந்தால் தேயிலை விலை விழுந்துவிட்டதென்று நம் சம்பளத்தில் கை வைக்கப் பார்க்கிறார்கள். விலை ஏறும்போது மட்டும் யாரும் வந்து சொல்வதில்லையே, ஏன்? அதை அந்த ஓட்டலில் எழுந்து நின்று கேட்க வேண்டும். சட்டைகூடத் துவைத்துப் போட்டுவிட்டேன்.

தாளை விரித்து, பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

"எம் பேரை எழுதிட்டேன். நீ இங்கன ஒரு கையெழுத்து மட்டும் போடு."

அவள் தாளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"கப்பல்ல ஏத்திருவாங்க."