சட்டையில் விழுந்த வெள்ளைத் தூள்

எண்பதுகளில் ஒரு ஞாயிறு மதியம். ஆம்பூரில் எங்கள் தோல் தொழிற்சாலைக் கொட்டகையில் ஆவணப்படம் போட்டார்கள். ஜன்னல்களை மறைக்கத் துணி போதாமல், உப்பு தடவிய ஆட்டுத்தோல்களைத் தொங்கவிட்டோம். அந்த நாற்றத்தில் உட்கார்ந்து படம் பார்க்க எங்களால்தான் முடியும்!

படத்தில், ஆஸ்திரேலியாவில் பழங்குடி மக்களின் நிலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தோண்டியவர்கள், தூளை மலையாகக் குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதைச் சுவாசித்தவர்கள் மூச்சு முட்டிச் செத்தார்கள்.

"ஊரைக் காலி பண்ணிட்டுப் போவாம இன்னா பண்றாங்க?" என்று ஜன்னலோரம் என் பக்கத்திலிருந்த தோஸ்த் காதரிடம் கேட்டுவிட்டு, அண்ணாந்து பார்த்தேன். எங்கள் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ்! என் சட்டையெல்லாம் வெள்ளைத் தூள்!

"கூரை கொட்டுது, ஓடுங்க!" என்று அலறி, ஒற்றைச் செருப்போடு வெளியே பாய்ந்தேன்.

பின்னாலேயே வந்த காதர் என் தோளிலிருந்த தூளைத் தொட்டு நக்கினான். "பேஜார் பண்ணாதடா! தோல்லேர்ந்து கொட்ன உப்பு!"

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தபடி, பயத்தில் வறண்ட தொண்டைக்குக் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக் குடித்தேன். கரித்தது.

"தண்ணியும் உப்புடா!"

"தோல் கழுவி ஊத்துறமே, அது எங்க போவும்?" என்றான் காதர்.

தினமும் குடித்த தண்ணீர்தான், அன்றுதான் உறைத்தது. மாலையில் அதே கிணற்றில் குடத்தை நிரப்பி, வீட்டுக்கு எடுத்துப் போனேன்.