முதலாளி ஆக ஒரு மனு

மனு எழுதும் தொழிலில் ஒரு வசதி உண்டு: பதில் வராது என்று எழுதும்போதே தெரியும். சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரு மேசை, ஒரு நாற்காலி. அதுதான் என் கம்பெனி. அதற்கு முன் பட்டாசு ஆலை வாசல்களில் கொடி பிடித்தேன். பள்ளிக்கூடம் பாதியில் விட்டதைத் துண்டறிக்கைகள் முடித்து வைத்தன. ஆபீஸ் வாசல்களில் நின்று கால் கடுத்த உங்களுக்கு இதற்கு மேல் அறிமுகம் வேண்டாம்.

சேவுக்கு லைசென்ஸ்

ஏழாயிரம்பண்ணை குருவம்மா பட்டாசுக்குத் திரி வைக்கிறவள். போராட்டக் காலத்திலிருந்தே பழக்கம். மகள் முத்துச்செல்வி இங்கிலாந்தில் மேல்படிப்பு. விடுதிச் சமையலறையில் காராச்சேவு பிழிந்து, பொட்டலம் போட்டு விற்றிருக்கிறாள். நம் ஊரில் இதற்குச் சுறுசுறுப்பு என்று பெயர், அங்கே விதிமீறல். மாணவர் விசாவில் போனவர் அடுத்தவர் கடையில் சில மணி நேரம் உழைக்கலாம், சொந்தக் கடை மட்டும் வைக்கக் கூடாதாம். மீறினால் விசா போகும், படிப்பு பாதியில் நிற்கும் என்று கல்லூரி எச்சரித்திருந்தது.

குருவம்மா திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்க வந்திருந்தாள். இங்கிலாந்து விருதுநகர் மாவட்டத்தில் இல்லை என்று விளக்கினேன். அவள் கேட்டாள்: "வெடிக்கிற சரக்குக்கே இங்கன லைசென்ஸ் குடுக்காக அண்ணாச்சி. கடிக்கிற சேவுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாகளா?"

கோட்டுக்காரர்

முத்துச்செல்வியை அனுப்பி வைத்த ஏஜென்ட்டிடம் போனோம். சித்திரை வெயிலில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். சுவரில், 'இன்று மாணவர், நாளை தொழிலதிபர்' என்று ஆளுயர விளம்பரம். அந்த நாளை எப்போது விடியும் என்று கேட்டேன். படிப்பு முடிந்து வேறு விசா வாங்கிய பிறகாம். தொழில் தொடங்குவதற்கென்றே ஒரு விசா உண்டாம். அதற்கு யாரும் கண்டிராத புதுமையைக் காட்ட வேண்டுமாம். சேவில் காரத்தைத் தவிர எதைக் காட்டுவது?

விடாமல் வாதாடினேன். முதலாளிகளை எதிர்த்தே பழகிய வாய், ஒருத்தி முதலாளி ஆவதற்காகப் பேசியது அன்றுதான். கோட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வாழ்நாள் பூரா 'முதலாளி ஒழிக'ன்னு கத்துனீக தோழரே. அந்த ஒரு நாட்டுக்காரன் காதுலதான் அது விழுந்திருக்கு."

தாய்மாமன் சீர்

முத்துச்செல்வி சேவு பிழிவதை நிறுத்தி, கல்லூரிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டாள். விஷயம் அங்கேயே அடங்கியிருக்கும். ஆனால் அவள் தாய்மாமன் சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். மருமகள் கடை வைத்ததைக் கேள்விப்பட்டவன், மூடியதைக் கேள்விப்படவில்லை. தினசரி காலண்டர் அடித்துவிட்டான். மேலே முருகன், கீழே முத்துச்செல்வி, நடுவில் 'உரிமையாளர்' என்று தங்க எழுத்து. வாத்தியார்களுக்கு ஆளுக்கொன்று இருக்கட்டும் என்று கல்லூரி முகவரிக்கே ஒரு கட்டு அனுப்பியும் வைத்தான்.

கல்லூரி விளக்கம் கேட்டது. நான் தாய்மாமனிடம் விளக்கம் கேட்டேன். அவன் என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தான்: "காலண்டர் அடிக்காத கடை ஒரு கடையா அண்ணாச்சி?"

தீர்ப்பு

என் வாழ்க்கையின் மிக நீளமான மனுவை அந்தக் கல்லூரிக்கு எழுதினேன். எங்கள் பக்கம் காலண்டர் என்பது தாய்மாமன் சீர், வியாபாரத்துக்குச் சாட்சி அல்ல என்று வாதிட்டேன். கோட்டுக்காரர் முகம் சுளித்துக்கொண்டே ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதிசயமாகப் பதில் வந்தது. இந்த முறை மன்னித்தார்களாம். பட்டம் வாங்கும்வரை கடை என்ற பேச்சே கூடாதாம். விசா தப்பியது, கடை போனது.

இப்போது அங்கே, கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒருவர் தன் கடையில் அதே காராச்சேவை விற்கிறார். பிழிந்து கொடுப்பது முத்துச்செல்வி. கூலிக்கு என்பதால் சட்டத்துக்குப் பரம திருப்தி. நல்ல சேதிதானே என்றேன். குருவம்மா வெடிமருந்து படிந்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "இங்கன நான் அடுத்தவுக வெடிக்குத் திரி வைக்கேன். அங்கன அவ அடுத்தவுக கடைக்குச் சேவு பிழியுதா. இதுக்கு எதுக்கு அண்ணாச்சி ஏரோப்பிளேனு?"

'முதலாளி ஒழிக' என்று கத்தித் தேய்ந்த தொண்டையில் மிச்சமிருப்பதை 'முதலாளி முத்துச்செல்வி வாழ்க' என்று கத்துவதற்காகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன், எந்த ஆபீஸ் வாசலில் நின்று கத்துவது என்பதுதான் தெரியவில்லை.