கையில் பிடித்த வால்வெள்ளி

எங்கள் ஒழுங்கைக்குத் தெருவிளக்கு வந்த அன்று ஊரே சந்தோஷப்பட்டது. நான் மட்டும் குசினிக்குள் சட்டிபானைகளை உடைக்காத குறையாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். அலைந்து திரிந்து அந்த விளக்கைக் கொண்டுவந்தவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர். கம்பத்தை நட்டதும் எங்கள் வாசல் படலைக்கு நேரே.

நான் நெடுங்கேணிப் பக்கத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். பள்ளிக்கூடம் முடிந்தால் என் வேலை வானம் பார்ப்பது. சில நட்சத்திரங்கள் எப்போதும் ஒரே அளவாக ஒளிர்வதில்லை, கூடும், குறையும். அவற்றில் சிவந்த நட்சத்திரம் ஒன்று என் செல்லம். பல மாதம் கண்ணுக்கே தெரியாமல் போய், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரித் திரும்பி வரும். அதை அளப்பது பெரிய வித்தை இல்லை. பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் வெளிச்சமானது ஒன்று, கொஞ்சம் மங்கலானது ஒன்று என்று இரண்டைப் பிடித்துக்கொண்டு, இது எதற்குக் கிட்ட என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளை உயரப்படி வரிசையில் விடுகிற மாதிரித்தான். அளவைப் போனில் அனுப்பிவிட்டால், எங்கெங்கோ இருந்து வரும் அளவுகளோடு அதுவும் சேரும். இதற்கு ஒரு பைனாகுலரும் நல்ல இருட்டும் போதும். இருட்டு எங்களிடம் தாராளமாக இருந்தது. அதற்குத்தான் என் மனுஷன் உலை வைத்தார்.

சங்கக் கூட்டத்தில் எழும்பி, விளக்குப் போட்டால் வானம் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்புக்குக் காரணம் இருந்தது.

புதிய வால்வெள்ளி ஒன்றைக் கண்டுபிடித்தால் கண்டவரின் பெயரையே அதற்கு வைப்பார்கள். அந்த ஆசை எனக்கும் உண்டு, ஏன் மறைக்க வேண்டும்? ஒருநாள் செக்கலில், பொழுது பட்ட கையோடு, மேற்கே தாழ்வாக, வெளிறிய நீளக் கோடு ஒன்று பைனாகுலருக்குள் அகப்பட்டது. வரைபடம் எதிலும் அது இல்லை. மறுநாள் அது இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்காமல் வாய் திறக்கக்கூடாது என்பதுதான் இந்த வேலையில் முதல் பாடம். நான் வீட்டுக்காரரிடம் திறந்துவிட்டேன். அவரிடம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி. அடுத்த நாள் முற்றம் நிறைய ஆட்கள். கோடு அதே இடத்தில் அசையாமல் இருந்தது. முன்வீட்டுப் பிள்ளை, என்னிடம் படித்தவள், பைனாகுலரை வாங்கிப் பார்த்துவிட்டு விறுவிறென்று தங்கள் வயலுக்குள் இறங்கிப் போனாள். குருவிகளை விரட்ட அவளுடைய அப்பா பழைய பாட்டுக் கசெற்றுகளை உருவி, அந்த மினுங்கும் ரேப் நாடாவை வயலுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டியிருந்தார்.

"ரீச்சர், உங்கட வால்வெள்ளியை நான் கையில பிடிச்சிட்டன்!"

அதன்பிறகு நான் சந்தைக்குப் போனாலும் வால்வெள்ளிக் கதைதான்.

கூட்டத்தில் என்னை மடக்கியதும் அவளேதான். அவளுக்குக் கார்மென்ட் பக்டரியில் வேலை. "ஓவர் டைம் முடிச்சு நாங்கள் இருட்டுக்குள்ளதான் வாறனாங்கள், ரீச்சர். போன கிழமையும் ஒழுங்கை மதகடியில யானை நிண்டது. நட்சத்திரத்தைப் பாத்துக்கொண்டே நடக்கிறது?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

விளக்கின் சுவிட்ச் எங்கள் படலைத் தூணில். செக்கலில் போட்டு, பிந்திய பஸ்ஸில் வரும் பிள்ளைகள் வீடு சேர்ந்ததும் நிறுத்துகிற பொறுப்பைத் தலைவர் என் தலையிலேயே கட்டினார். அதற்குப் பிறகு வானம் என்னுடையது. சிவந்த செல்லத்துக்குக் குறை இல்லை என்று நானும் சமாதானமாகிவிட்டேன்.

அப்போதுதான் உண்மையான வால்வெள்ளி வந்தது. வேறு யாரோ கண்டுபிடித்தது. எங்கள் ஆயுளில் திரும்பி வராது. விடியமுதல் கிழக்கில் அதைத் தேடிப் பிடித்து, சூரியனுக்குக் கிட்டப் போய் மறையும்வரை விடாமல் பார்த்திருந்தேன். இனி அது மேற்கே, செக்கலில், ஒருசில நாள்தான் நன்றாகத் தெரியும். பிந்திய பஸ் வருமுன், மற்ற பஸ்களில் பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிற நேரத்திலேயே, இறங்கிவிடும். குளக்கட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால், அந்த நேரம் அங்கே தண்ணி குடிக்க வருவது யானை. முதல் நாட்களை முகில் தின்றது. பிறகு ஒருநாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு படலையடியில் நின்றேன். விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் மேற்கே ஒன்றுமே தெரியவில்லை. ஒரு தட்டு, அவ்வளவுதான். மதகடி நினைவுக்கு வந்தது. நான் தட்டவில்லை.

"என்னப்பா, அழுறியே?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"கண்ணில பூச்சி. உங்கட லைற்றுக்கு வந்த பூச்சி."

அவர் உள்ளே போய் யாருக்கோ போன் எடுத்தார். சங்கக் கதையாக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த நாளும் வானம் தெளிவு. செக்கலில் விளக்கைப் போட்டுவிட்டு, பார்த்தால்தானே வயிறு எரியும் என்று குசினிக்குள் போய்த் தேங்காய் துருவ இருந்தேன். திடீரென்று யன்னல் இருண்டது. பிந்திய பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. எந்தக் குரங்கு நிறுத்தியது என்று ஏசிக்கொண்டே படலைக்கு ஓடினேன்.

சுவிட்சடியில் முன்வீட்டுப் பிள்ளை. பின்னால் அவளோடு வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாரும், போன் வெளிச்சத்தை நிலத்தைப் பார்க்கப் பிடித்தபடி.

"ஓவர் டைமை விட்டிட்டு முதல் பஸ்ஸில வந்திட்டம், ரீச்சர். தலைவர் ஐயா நேற்றே போன் எடுத்துச் சொன்னவர். எல்லாரும் வந்தாச்சு. இனி ஒருத்தருக்கும் லைற் தேவையில்லை."

என் கைவிரலில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. குளக்கட்டுக்கு மேலே, பைனாகுலரே தேவையில்லாமல், வாலை நிமிர்த்திக்கொண்டு அது நின்றது. பிள்ளைகள் எல்லாரும் "ஆ" என்றார்கள். என் வீட்டுக்காரரின் "ஆ" எல்லாவற்றிலும் பெரியது.

முன்வீட்டுப் பிள்ளை கையை மேற்கே நீட்டி, விரல்களை மூடிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இது எட்டுதில்லை, ரீச்சர்."