வெர்லீனும் வாய் திறக்காத சோளப்பாம்பும்

வெர்லீன் டூட்டனுக்கு இந்த உலகத்தில் யார்மேலும் நம்பிக்கை கிடையாது. புருஷன் ராய்ஸ் மரலாரி ஓட்டிவிட்டு வீடு திரும்பினால், அவன் முகத்தைப் பார்க்குமுன் பானெட்டில் கையை வைத்துச் சூடு பார்ப்பாள். சூடு குறைவாக இருந்தால் எங்கே நிறுத்தி வைத்திருந்தாய் என்பாள், அதிகமாக இருந்தால் எங்கே சுற்றிவிட்டு வருகிறாய் என்பாள். சால்கஹாட்சி ஆற்றுப் பாலத்தருகே நான் இத்தனை வருஷமாகத் தூண்டில் இரை விற்கிறேன். என் மண்புழுவைச் சந்தேகப்பட்ட ஒரே ஆத்மா அவள்தான். டப்பாவைக் கவிழ்த்து, மண்ணைக் கிளறி, புழு நெளிகிறதா என்று பார்த்த பிறகுதான் நகர்வாள்.

அப்படிப்பட்டவள் ஒரு பாம்புக்குட்டியிடம் மனசைப் பறிகொடுத்தாள். அவள் வீட்டு மோட்டார் அறைக்குப் பின்னால், மக்கிய மரத்தூள் குவியலில் முட்டைகள் கிடந்தன. ஒன்றே ஒன்றுதான் பொரிந்தது. பென்சில் தடிமன்கூட இல்லாத, விஷமில்லாத சோளப்பாம்பு. முதுகில் செம்பழுப்புத் திட்டு, வயிற்றில் கறுப்பு வெள்ளைக் கட்டம். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த ராய்ஸை அவள் குறுக்கே நின்று தடுத்துவிட்டாள்.

"இது என் வீட்டு மண்ணுல பொறந்தது, ஆர்லிஸ். எவனும் எனக்கு வித்ததில்ல, எவனும் தந்ததில்ல. இதாவது என்னை ஏமாத்தாது," என்றாள் என்னிடம்.

"ஏமாத்தாதுதான். ஆனா சாப்பிடணுமே, மகராசி!"

அதுதான் சிக்கல். குட்டி எதையும் தொடவில்லை. பாம்பு வளர்ப்பவர்களுக்காக என் கடை ஃப்ரீசரில் ரோமம் முளைக்காத எலிக்குஞ்சுகளை உறையவைத்து விற்கிறேன். வெந்நீரில் போட்டு, உள்ளே வரை குளிர் விட்டதும் துடைத்து, இடுக்கியில் பிடித்து மூக்கருகே லேசாக ஆட்ட வேண்டும். வெர்லீன் ஆட்டினாள். குட்டி தலையைத் திருப்பிக்கொண்டது.

உடனே என்மேல் பாய்ந்தாள். "போன வருஷத்துச் சரக்கை என் தலையில கட்டிட்டே!"

"எந்தத் தண்ணியில போட்டே?"

"அடுப்புல கடலை வெந்துட்டிருந்துச்சு. அதுலயே ரெண்டு கரண்டி எடுத்தேன்."

எனக்குத் தலை கிறுகிறுத்தது. எங்கள் பக்கம் சீசன் வந்தால் எந்த வீட்டு அடுப்பிலும் பச்சை வேர்க்கடலை உப்பில் வெந்துகொண்டேதான் இருக்கும். அதற்காக இப்படியா! "உப்புத் தண்ணியிலயா? உன் பாம்பு என்ன பீரா குடிக்குது, தொட்டுக்கறதுக்கு?" என்று கத்தினேன்.

நல்ல வெந்நீரிலும் பலிக்கவில்லை. கடைசியில் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் செய்வதைச் சொன்னேன். "இதுங்க காட்டுல முதல்ல பிடிக்கிறது பல்லியைத்தான். உன் வராந்தா கொசுவலையில ஒட்டிட்டிருக்கே, பச்சைப் பல்லி, அதுல ஒண்ணைப் பிடி. எலிக்குஞ்சை அது முதுகுல, வாசனை ஒட்டற மாதிரி நல்லாத் தேச்சுட்டு பல்லியை விட்டுடு. குட்டியையும் எலியையும் ஓட்டை போட்ட சின்ன டப்பாவுல வெச்சு, துணியைப் போத்திட்டுப் போயிடு. திறந்து பாக்கவே கூடாது."

"பல்லியையே போட்டுட்டா?"

"பல்லி வயித்துல புழு இருக்கும். ருசி கண்டுட்டா அப்புறம் எலியைத் தொடவும் தொடாது. குளிர் வந்தா பல்லிக்கு எங்க போவே?"

எல்லாம் செய்தாள், பார்க்காமல் இருப்பதைத் தவிர. ஒரு நாள் போய்ப் பார்த்தேன். துணியைத் தூக்குகிறாள், மூடுகிறாள், மறுபடி தூக்குகிறாள். குட்டி எலியை மோந்து பார்க்கும் நேரத்தில் வெளிச்சம் விழ, அது சுருண்டுகொள்கிறது.

"பாக்க வேண்டாமா? ராய்ஸ் வந்து எலியை எடுத்து வீசிட்டா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குட்டியின் முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. "இப்படியே போனா செத்துரும், வெர்லீன். பட்டினி போடறது வேற யாரும் இல்ல, நீதான்."

அவள் முகம் வெளுத்தது. அப்போது வாசலில் நின்ற ராய்ஸ், "கொடு. நான் லாரியில வெச்சுக்கறேன்," என்றான். பாம்பு என்றாலே ஏழு ஊர் ஓடுகிறவன் அவன்.

மறுநாள் டப்பா இருக்கைக்கு அடியில் போனது, அவன் தொப்பி அதன்மேல். சாயங்காலம் வந்தபோது எலியைக் காணோம், குட்டியின் வயிற்றில் அழகாக ஒரு புடைப்பு. நான் துள்ளிக் குதித்தேன். வெர்லீன் புடைப்பையே முறைத்தாள்.

"உண்மையைச் சொல்லு. பல்லியைத்தானே போட்டே? எலியை ஜன்னல் வழியா எறிஞ்சிருப்பே."

ராய்ஸ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். "நாள் பூரா ஒரு காலை மடக்கிட்டே ஓட்டினேன் வெர்லீன், பயத்துல. இனி அதைத் தொடமாட்டேன். செத்தாலும் சரி," என்று உள்ளே போய்விட்டான். அவள்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினேன்.

ஒரு வேளைச் சாப்பாட்டில் குட்டி தேறிவிடாது. அடுத்த வாரம் அவளே எலிக்குஞ்சைப் பல்லியில் தேய்த்து, குட்டியோடு டப்பாவில் வைத்து, துணியைப் போர்த்திவிட்டு நேராக என் கடைக்கு வந்தாள். வெட்டுக்கிளிப் பெட்டிமேல் உட்கார்ந்து கைகளை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"வீட்ல ராய்ஸ் இருக்கானா?" என்று கேட்டேன்.

"இருக்கான்."

"அப்புறம் எப்படி அவனை நம்பி விட்டுட்டு வந்தே?"

"அதைக் கேக்காதே ஆர்லிஸ். பேசாம இரு."

பொழுது சாய்ந்ததும் நானும் கூடப் போனேன். ராய்ஸ் வாசற்படியில் நின்றிருந்தான். வராந்தா மேஜையில் டப்பா போர்த்தியபடியே இருந்தது. அவள் கை துணிவரை போய்விட்டுத் திரும்பியது.

"நீ பாத்துச் சொல்லு, ராய்ஸ்."

"நான் சொன்னா நம்பவா போறே?"

"சொல்லேன்."

அவன் உடம்பைப் பின்னுக்கு வளைத்தபடி, விரல் நுனியால் துணியைத் தூக்கி எட்டிப் பார்த்தான். "தின்னுடுச்சு."

வெர்லீன் ஏதோ கேட்க வாயெடுத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரி. நீ சொன்னா சரிதான்."

ராய்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. "வந்து பாரேன்."

"எதுக்கு? அதான் நீ பாத்துட்டியே," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள். துணியைக் கையில் பிடித்தபடி ராய்ஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் கண் நிறைந்திருந்தது.