குமுதா சிரிக்காமல் எடுத்த படம்

குமுதாவுக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் ஆறாவது வீட்டில் அவள் சிரித்தால் பன்னிரண்டாவது வீட்டில் கேட்கும். ஒரு தீமிதித் திருவிழாவில் பூசாரிமேல் சாமி வந்து ஆடிக்கொண்டிருந்தபோது, அவர் மடியிலிருந்த கைப்பேசி அடித்தது. சாமி அதை எடுத்து அணைத்து, மறுபடி மடியில் செருகிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆடியது. ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு கைகூப்பி நின்றது. குமுதா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அம்மா தொடையில் கிள்ளியும் நிற்கவில்லை.

அப்படிப்பட்டவளை இருபத்திரண்டு வயதில் ரவீந்திரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். உழைப்பாளி, குடி கிடையாது என்றார்கள். குடி கிடையாதுதான். இந்த மகராசன் தெளிந்த புத்தியோடு அடிக்கிற ரகம்.

கல்யாணமாகி மூன்றாம் மாதம், மழை விட்ட ஒரு மதியம், ரவீந்திரன் லோரியிலிருந்து மிடுக்காக இறங்கினான். கால் வழுக்கிச் சேற்றில் மல்லாந்து விழுந்தான். சட்டைப்பையிலிருந்த சீப்பு மட்டும் தனியே போய் நட்டுக்கொண்டு நின்றது. குமுதா சிரித்தாள். யார்தான் சிரிக்கமாட்டார்கள்? அவன் எழுந்து வந்து, சேற்றுக் கையோடு அறைந்தான். மேலுதடு கிழிந்தது. "சிரிக்கக் கூடாது. பொம்பளைக்கு என்னா அப்படி ஒரு சிரிப்பு?" என்றான்.

அதற்குப் பிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவே இல்லை. குழந்தை இல்லாததற்கு அடி, குழம்பில் உப்பு கூடினதற்கு அடி, பக்கத்து வீட்டில் நின்று பேசினதற்கு அடி. பதினேழு வருசம் இப்படியே போனது. நினைத்தால் வயிறு எரிகிறது.

அடியைவிடப் பெரிய பூட்டு ஒன்று அவனிடம் இருந்தது. அது குமுதாவின் ஐசி, அதாவது அடையாள அட்டை. கல்யாணமான முதல் வாரமே "பத்திரமா இருக்கட்டும்" என்று வாங்கித் தன் பணப்பைக்குள் வைத்துக்கொண்டான். அவள் செம்பனை நாற்றுப் பண்ணையில் பைகளில் மண் நிரப்பும் வேலைக்குச் சேர்ந்தபோது, அவனே பண்ணைக் கணக்குப்பிள்ளையான கிராணியிடம் அதைக் காட்டிவிட்டு உடனே பணப்பைக்குள் போட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரி என்றாலும் அப்படித்தான். தேர்தலன்று ஓட்டுப்போடும் பள்ளிக்கூட வாசலில் கையில் கொடுப்பான். அவள் மை வைத்த விரலோடு வெளியே வந்ததும் அதே வாசலில் திரும்ப வாங்கிக்கொள்வான். ஐசி இல்லாமல் வேலை இல்லை, பேங்கு இல்லை, தன் பேரில் ஒரு போன் நம்பர்கூட இல்லை. தான் முழுசாக அந்தப் பணப்பைக்குள்தான் இருக்கிறோம் என்று குமுதா நம்பினாள். ரவீந்திரனும் அதையேதான் நம்பினான்.

போன வாரம் சோறு குழைந்துவிட்டது என்று அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். மறுநாள், விடுமுறைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் ரூபினி, வேலியோரம் அந்த வீக்கத்தைப் பார்த்தாள். புக்கிட் செந்தோசா பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண் அவள்.

"அக்கா, எங்க ஃபேக்டரில ஆள் எடுக்கிறாங்க. தங்க ஹாஸ்டல் இருக்கு. வெள்ளிக்கிழம அஞ்சு மணிதான் லாஸ்ட். ஐசியோட வந்துடுங்க."

"ஐசிக்கு எங்கம்மா போவேன்? அதான் அவரு கையில இருக்கே."

"புதுசு எடுங்க லா! அவரு அட்டையத்தானே எடுத்து வச்சிருக்காரு? உங்க கட்டவெரலு உங்ககிட்டதானே இருக்கு? ஐசி குடுக்குற பதிவு இலாகாவுல அது போதும்."

குமுதா தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினேழு வருசமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை ரவீந்திரனின் லோரி தோட்டத்து வளைவைத் தாண்டியதும், இரண்டு செட் உடுப்பைப் பையில் திணித்துக்கொண்டு ரூபினியின் காடிக் கதவைத் திறந்து ஏறினாள். முதலில் கோலசிலாங்கூர் போலீஸ் நிலையம். "ஐசி தொலைந்துவிட்டதா?" என்று மலாயில் கேட்டார் எழுதிக்கொண்டிருந்தவர். ஆமாம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

"தொலையல," என்றாள் குமுதா. "என் வீட்டுக்காரரு எடுத்து வச்சிருக்காரு." மணிக்கட்டையும் நீட்டினாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒரு புதுத் தாளை எடுத்து முதலிலிருந்து தொடங்கினார். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது.

பதிவு இலாகாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. வெள்ளிக்கிழமை, பன்னிரண்டேகாலுக்குத் தொழுகைக்காக மூடினால் மறுபடி மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். அதற்குமேல் புறப்பட்டால் ஐந்துக்குள் போய்ச் சேர்வது நிச்சயமில்லை. வேலையும் போகும், தங்க இடமும் போகும். திரும்பிப் போக ஒரே வீடுதான் உண்டு.

வரிசையில் அவள் எண் வரும்போது மணி பன்னிரண்டு. முகப்பிலிருந்த மலாய்க்காரப் பெண் கட்டைவிரலை இயந்திரத்தில் வைக்கச் சொன்னார். இயந்திரம் கீங் என்று மறுத்தது. மண் அள்ளி அள்ளி ரேகை தேய்ந்திருந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி கீங். "போச்சு," என்றாள் குமுதா. அந்தப் பெண் மேசைக்கடியிலிருந்து தன் கைக்குப் பூசும் களிம்பை எடுத்து, குமுதாவின் கட்டைவிரலில் தேய்த்து, துணியால் துடைத்து, தானே பிடித்து அழுத்தினார். திரையில் குமுதாவின் பெயர், பிறந்த தேதி எல்லாம் பளிச்சென்று வந்தன. அவளை அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது! ரவீந்திரனைக் கேட்காமலே!

"படம் எடுக்கணும். நேரா பாருங்க," என்று மலாயில் சொன்ன அந்தப் பெண், சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டார்: "சிரிக்கக் கூடாது."

அவ்வளவுதான்.

எங்கிருந்தோ கிளம்பியது. முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் மூக்கு வழியாகப் புர்ரென்று ஒரு சத்தம். குமுதா சிரித்தாள். குழாய் திறக்காமல், வாயைப் பொத்தாமல், பதினேழு வருசச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள். காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கேமரா மூன்று முறை எடுத்தது. மூன்றிலும் முப்பத்திரண்டு பல்.

"அக்கா, பல்லு தெரிஞ்சா எடுத்துக்காதாம்! மணி பன்னெண்டு பத்து!" என்று ரூபினி பின்னாலிருந்து கத்தினாள். "சோகமா எதையாச்சும் நெனச்சுக்குங்க லா!"

குமுதா சோகமாக நினைக்கப் பார்த்தாள். புருசனை நினைத்தாள். அவனோ மிடுக்காக லோரியிலிருந்து இறங்கி, மல்லாந்து விழுந்தான். சீப்பு சேற்றில் நட்டுக்கொண்டு நின்றது. போச்சு! மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதில் எது சிரிப்பு, எது அழுகை என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த மலாய்ப் பெண்ணும் சிரித்துவிட்டார். வாசலில் காவலாளி கதவைச் சாத்த எழுந்தபோது, குமுதா மூச்சு வாங்க ஒரு நொடி வாயை மூடினாள். அந்த நொடியில் சடக்கென்று எடுத்துவிட்டார் அந்தப் பெண்.

படம் போட்ட தற்காலிகத் தாள் கைக்கு வந்தது. அட்டையை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளலாம். நாலு மணிக்குத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் விமலா தாளிலிருந்த படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "என்னாம்மா, வாய்க்குள்ள மிட்டாயா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஹாஸ்டலில் மூன்றாம் மாடியில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது.

ஐந்தரைக்கு, ரவீந்திரன் தன் பேரில் வாங்கிக் கொடுத்திருந்த போன் அடித்தது.

"எங்கடி இருக்க?" என்றான். அடுத்து அவன் குரலில் ஒரு மிதப்பு ஏறியது. "எங்க வேணா போ. ஐசி என்கிட்ட இருக்குடி. அது இல்லாம எவன் உனக்கு வேல குடுப்பான்? எவன் தங்க எடம் குடுப்பான்? ராத்திரிக்குள்ள தானா வந்து நிப்ப பாரு."

குமுதா கட்டிலில் உட்கார்ந்து தாளிலிருந்த படத்தைப் பார்த்தாள். உதடு ஒட்டியிருக்கிறது, இரண்டு கன்னமும் வெடிக்கப் பார்க்கிறது.

"அத நீங்களே பத்திரமா வச்சுக்குங்க," என்றாள். "இன்னிக்கி மத்தியானத்துலேர்ந்து அது செல்லாது. அப்புறம், நாளைக்கிப் போலீசு கூப்புடுவாங்க. சட்டைய மாத்திக்கிட்டுப் போங்க."

மறுமுனையில் பணப்பையைத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறான்! குமுதாவுக்குத் தோள் குலுங்கத் தொடங்கியது. இந்த முறை அவள் அடக்கப் பார்க்கவே இல்லை. மூன்றாம் மாடியில் அவள் சிரித்த சிரிப்புக்குக் கீழே வாசலில் இருந்த காவல்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.