உழைக்கிறவளாகத்தான் வருவேன்

போர் உக்கிரமாக நடந்த காலத்தில் நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையிலிருந்து, ஐரோப்பாவிலுள்ள கட்டட நிறுவனம் ஒன்றுக்குக் கம்ப்யூட்டரில் வீட்டு வரைபடங்கள் கீறிக்கொண்டிருந்தேன். இன்டர்நெட்டில் வேலை வரும். முடித்து அதிலேயே அனுப்புவேன். அந்த வேலையைக் காட்டித்தான் அந்த நாட்டில் வதிவிட அனுமதி கேட்டேன்.

தூதரகத்தில் என்னை விசாரித்த வெள்ளைக்கார அதிகாரி மரியாதையானவர்தான். "இதை நீங்கள் இங்கேயிருந்தே செய்யலாமே. ஏன் அங்கே வரவேண்டும்?" என்று கேட்டார்.

அன்று காலைதான் காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்த சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கொழும்பில் உனக்கு என்ன வேலை?" என்று சிங்களத்தில் கேட்டிருந்தான். நான் பிறந்ததே இதே கொழும்பில், கொட்டாஞ்சேனையில். இப்போது இவரும் கேட்க, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இங்கே இருப்பதற்கும் காரணம் கேட்கிறார்கள், போவதற்கும் நீங்கள் காரணம் கேட்கிறீர்கள்," என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்படியென்றால் அகதியாக விண்ணப்பியுங்கள். அது சுலபம்."

"இல்லை. நான் உழைக்கிறவள். உழைக்கிறவளாகத்தான் வருவேன்."

அகதியாகப் போனவர்களை நான் குறைவாக நினைத்ததில்லை. என் தம்பியே அப்படிப் போனவன்தான். ஆனால் என் கையில் தொழில் இருந்தது.

விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். பக்கத்து அறை அக்கா, "உனக்கென்ன விசரோ? போய்ச் சேருறதுதானே முக்கியம்?" என்று கத்தினா.

"எப்பிடிப் போறதெண்டதும் முக்கியம்தான் அக்கா," என்றேன்.

அடுத்த வருடம் அதே வேலையையே காரணமாக எழுதி மறுபடியும் கேட்டேன். தந்தார்கள். திமிர் பிடித்தவள் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.