கவீயாக்களின் கலியாணச் சட்டம்

என் தம்பியின் மகன் கூசேன்வில்லில் இருக்கிறான்; விமான நிலையத்தில் வேலை, தங்கமான பிள்ளை. என் மகளை அவனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்று எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பேல் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். அவள் ஒருத்தியிடம்தான் சொல்லவில்லை.

அவளிடம் சொன்ன அன்று இருவரும் குசினியில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். அவள் சண்டை பிடிக்கவில்லை. மானிடவியல் படிக்கிறவள், கவீயாக்களைக் கொண்டுவந்து என் குசினியில் இறக்கினாள். கலிபோர்னியாவின் பாலைப் பக்கத்துப் பூர்வகுடிகளாம்.

“அவையின்ரை பழைய முறையிலை முழுச் சனமும் ரெண்டு பகுதி, அம்மா. ஒண்டு காட்டுப்பூனை, மற்றது கயோட்டி.”

கயோட்டி என்றால் ஓநாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற மிருகமாம். பிள்ளை தகப்பனின் பகுதி. கலியாணம் மற்றப் பகுதியில்தான். மற்றப் பகுதி வந்து கைகொடுக்காவிட்டால் பெரிய சடங்கு எதுவும் நடக்காதாம்.

எனக்கு வாயெல்லாம் பல். “அப்ப நீ கொப்பற்றை பகுதி. தம்பியின்ரை மகன் என்ரை பகுதி. நீ காட்டுப்பூனை, அவன் கயோட்டி. பொருத்தம் வந்திட்டுதே, பிள்ளை! நல்ல சனம் அவை.”

அவள் முகம் சுண்டிப்போனது. “மற்றச் சட்டத்தையும் கேளுங்கோ. ஐஞ்சு தலைமுறைக்குள்ளை சொந்தமெண்டால் கட்டவே கூடாது.”

“அதெல்லாம் செத்துப்போன ஆக்களின்ரை கதை.”

“அவை இப்பவும் இருக்கினம், அம்மா. இரவிரவாய்த் தங்கடை பழைய பறவைப் பாட்டுப் பாடுகினம். பாதிச் சட்டம் மட்டும் உங்களுக்கு இனிக்குதோ?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “சட்டமெண்டால் முழுச் சட்டம்தான்!” என்றேன். நுணலும் தன் வாயால் கெடும்.

“அப்ப சரி. ஒரு பெடியன் இருக்கிறான். எத்தினை தலைமுறை தேடினாலும் சொந்தமில்லை.”

“எந்த ஊர்?” எங்கள் ஆட்களுக்கு முதலில் வருவது இந்தக் கேள்விதான்.

“பிரெத்தாஞ். வெள்ளைக்காரப் பெடியன்.”

அழுகையே வந்துவிட்டது. தம்பியின் முகத்தில் எப்படி விழிப்பேன்? அவள் என் கையைப் பிடித்தாள். “ஓமெண்டு சொல்லுங்கோ, அம்மா” என்று கெஞ்சினாள். இவ்வளவு நேரமும் பூனை, கயோட்டி என்று கதையளந்த பிள்ளை உள்ளுக்குள் பயந்து செத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது என்னால் தாங்க முடியவில்லை.

மூக்கைத் துடைத்தேன். “அவன் காட்டுப்பூனையோ, கயோட்டியோ?”

“அவனுக்கே தெரியாது, அம்மா.”

“ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லு. முருங்கைக்காயைச் சப்பித் துப்புறானோ, அப்படியே விழுங்குறானோ எண்டு பாத்து நான் சொல்லுறன்.”